16 அடி வாத்துப் படகுக்கு மரக் கேபின்: அரை இஞ்சு பிளைவுட் சரிவருமா?

கேள்வி, பிப்ரவரி 3

அண்ணா, நான் வான்கூவர் பக்கம் இருக்கிறேன். ஃப்ரேசர் ஆற்று முகத்துவாரத்தில் வாத்து வேட்டை. 16 அடி பிளைவுட் படகு, 25 குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டார். இந்த சீசன் முழுக்க மழையில் நனைந்து போதும் போதும் என்றாகிவிட்டது. நான்கு பக்கமும் மூடி, உள்ளே நிமிர்ந்து நிற்கிற உயரத்தில், அரை இஞ்சு பிளைவுட்டில் ஒரு கேபின் கட்டலாம் என்றிருக்கிறேன். பலகை கனமாக இருந்தால் படகு ஆடாமல் நிற்கும் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பிப்ரவரி 3, இரவு

நண்பர் சொல்வது தலைகீழ்ப் பாடம். கனம் அடியில் இருந்தால் படகு நிற்கும், தலைக்கு மேலே இருந்தால் கவிழத்தான் பார்க்கும். அதைவிடப் பெரிய விஷயம் காற்று, அதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. நிமிர்ந்து நிற்கிற உயரத்தை மறந்துவிடுங்கள், உட்கார்ந்து ஓட்டுகிற உயரம் போதும். பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். நாலு போல்ட்டைக் கழற்றினால் இரண்டு பேர் தூக்கி இறக்குகிற மாதிரிக் கட்டுங்கள். மீதியை அப்புறம் எழுதுகிறேன், காலையில் ஷிஃப்ட்.

பிப்ரவரி 5

நான் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்காஜிட் ஆறு கடலில் கலக்கிற பக்கம். உங்களுக்கும் எனக்கும் நடுவே ஒரு எல்லைக்கோடுதான். மழை அதே மழை, சேறு அதே சேறு, ரஷ்யாவின் ராங்கல் தீவிலிருந்து குளிருக்கு இறங்கி வருகிற ஸ்னோ கூஸ் என்ற வெள்ளைக் காட்டுவாத்துக் கூட்டம்கூட உங்கள் வயலிலும் எங்கள் வயலிலும் மாறி மாறி மேய்கிற அதே கூட்டம்தான். அதனால் என் படகுக்குப் பொருந்தியது உங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

கணக்கைப் பார்ப்போம். படகின் தரையிலிருந்து கூரை வரை 1.9 மீட்டர் வேண்டும் என்றால், விளிம்புக்கு மேலே 1.35 மீட்டர் சுவர் எழும்பும். நீளம் 2 மீட்டர் என்று வையுங்கள். பக்கவாட்டில் 2.7 சதுர மீட்டர், அதாவது ஒரு படகுப் பாய். 25 நாட் (மணிக்கு சுமார் 46 கிலோமீட்டர்) காற்று அதன் மேல் தள்ளுகிற விசை சுமார் 30 கிலோ. 35 நாட் ஆனால் 60 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு ஆகும், அதனால் காற்று கொஞ்சம் ஏறினாலே கதை மாறிவிடும். அந்த 60 கிலோவும் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு மீட்டருக்கு மேலே நின்று தள்ளுகிறது. கூட்டிக்கழித்துப் பார்த்தால் 85 கிலோ ஆள் ஒருவர் படகு விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். காற்று ஓய்கிறவரை அவர் இறங்கவும் மாட்டார். அந்த நேரம் பார்த்து உங்கள் கூட்டாளி அதே பக்கம் குனிந்து பொம்மை வாத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

என் கேபின் விளிம்புக்கு மேலே 95 சென்டிமீட்டர், நீளம் 1.4 மீட்டர். அதே 35 நாட் காற்றில் 30 கிலோவோடு நின்றுவிடுகிறது. இந்தப் பாதிதான் கட்டுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

பிப்ரவரி 6

கனத்தைப் பற்றிக் கேட்ட டகோமா தம்பிக்கு: என் கேபினில் மரப்பரப்பு சுமார் 5 சதுர மீட்டர், ஜன்னல்களைக் கழித்து. ஒக்கூமே என்ற லேசான ஆப்பிரிக்க மரத்தில் செய்த 6 மில்லிமீட்டர் பிளைவுட் சதுர மீட்டருக்கு 3 கிலோ, ஆக 15, 16 கிலோ. இதையே அரை இஞ்சு டக்ளஸ் ஃபர் பிளைவுட்டில் செய்தால் 35 கிலோ தாண்டும். சட்டங்கள் 7 கிலோ, எப்பாக்ஸிப் பசை, துணி, பெயிண்ட், போல்ட் எல்லாம் சேர்த்து இன்னொரு 7. ஜன்னல்கள் 8, 9 கிலோ. மொத்தம் 40 கிலோ பக்கம் வருகிறது.

ஜன்னலைக் கவனித்தீர்களா? 6 மில்லிமீட்டர் அக்ரிலிக் சதுர மீட்டருக்கு 7 கிலோ. சாதாரணக் கண்ணாடி என்றால் 15. சுவரைவிட ஜன்னல்தான் கனம். நாலு பக்கமும் பெரிய ஜன்னல் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 11

"வாத்துப் படகு என்றாலே தாழ்வாகக் கிடப்பதுதான், அதற்குக் கேபின் எதற்கு, ஆம்பிளை மாதிரி நனைந்துகொண்டு போங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரிதான். நியூஜெர்சியின் வெஸ்ட் கிரீக்கில் ஹேசல்டன் சீமன் என்பவர் 1836 வாக்கில் செய்த ஸ்னீக்பாக்ஸ் முதல் இந்தக் குடும்பத்துப் படகுகள் எல்லாமே புல்லுக்குள் புதைந்து கிடப்பதற்காகவே பிறந்தவை. அதன் மேல்தட்டு விளிம்பிலிருந்து விளிம்பு வரை வளைந்து மூடியிருக்கும், நடுவில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு ஓட்டை. சாத்தானின் சவப்பெட்டி என்றும் அதற்கு ஒரு பெயர். செசபீக் விரிகுடாப் பக்கம் சின்க்பாக்ஸ் என்று ஒன்று இருந்தது, ஆளையே தண்ணீர் மட்டத்துக்குக் கீழே படுக்கவைக்கிற பெட்டி. அதை 1935இல் மத்திய அரசு தடை செய்தது. ஆக, நூறு வருடமாகத் தாழ்த்திக்கொண்டே வந்த ஒரு படகின் மேல் நாம் வீடு கட்டப்போகிறோம். இந்த உறுத்தல் கட்டுகிறவனுக்கு இருக்க வேண்டும், அப்போதுதான் உயரத்தைக் குறைப்பான்.

இரண்டாம் பாதிக்குப் பதில்: 1940 நவம்பர் 11. மிசிசிப்பி ஆற்றின் மேல்பகுதியில் காலையில் குளிரே இல்லாமல் இதமாக இருந்தது, வாத்து வேட்டைக்காரர்கள் மெல்லிய கோட்டோடு ஆற்றுத் தீவுகளுக்குப் போனார்கள். மதியத்துக்குள் காற்று திரும்பியது, குளிர் சரசரவென்று இறங்கியது, பனிப்புயல். மின்னசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தார்கள், பாதிப்பேர் வாத்து வேட்டைக்குப் போனவர்கள். மறுநாள் வினோனா ஊரிலிருந்து மேக்ஸ் கான்ராட் என்ற விமானி சின்ன பைப்பர் கப் விமானத்தை அந்தக் காற்றிலேயே எடுத்துக்கொண்டு போய், தீவுகளில் மாட்டியவர்களைத் தேடிச் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டுவந்தார். நனைந்த ஆள், காற்று, குளிர், மூன்றும் சேர்ந்தால் வீரத்துக்கு வேலையில்லை. எங்கள் தண்ணீர் உறைவதில்லை, குளிர்காலத்தில் 8 டிகிரி பக்கம் இருக்கும். அதில் விழுந்தால் கைவிரல் மடங்காமல் போவதற்குச் சில நிமிடம் போதும்.

கேபின் வசதிக்கு மட்டும் இல்லை என்பதுதான் நான் சொல்வது. ஆனால் வசதிக்காகக் கட்டுகிற கேபின் காற்றுக்கு ஆபத்தாகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிப்ரவரி 12

அந்த "ஆம்பிளை" அண்ணன் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார், அவர் படகிலும் கேன்வாஸ் கூரை இருக்கிறதாம்.

பிப்ரவரி 20

பலகை வாங்குவதற்கு முன் அட்டையில் கட்டுங்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, டேப், நாலு மெல்லிய ரீப்பர். கேரேஜில் படகை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, அட்டைச் சுவரை நிற்கவைத்து, வேட்டைக்குப் போகிற முழு உடுப்போடு உள்ளே உட்கார்ந்து பாருங்கள். முழு உடுப்பு என்றால் வேடர் என்கிற தண்ணீர் புகாத நீளக் கால்சட்டை, லைஃப் ஜாக்கெட், தொப்பி எல்லாம். வீட்டு டீசர்ட்டில் உட்கார்ந்து அளவெடுத்தால் முழங்கை இடம் ஒரு சாணாவது ஏமாற்றும்.

என் விஷயத்தில் அட்டை மூன்று சங்கதி சொன்னது. ஸ்டியரிங் பக்கத்து முன்மூலைத் தூண் சரியாக என் வலது கண் போகிற திசையை மறைத்தது, அதனால் தூணை மெல்லிதாக்கி, ஜன்னல் மூலையை வளைத்தேன். நாய் உள்ளே வருகிற வழி என் முழங்காலுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே. லாப்ரடார் சுருங்கிப் போகிற ஜாதி இல்லை, ஆகவே இருக்கையை ஒரு பக்கமாகத் தள்ளினேன். மூன்றாவதுதான் முக்கியம்: பின்னால் உட்கார்ந்து சுடுகிறவருக்குக் கேபின் முன்பக்க வானத்தை எவ்வளவு மறைக்கிறது, துப்பாக்கி முனை கூரைக்கு நேராக எப்போது வருகிறது. ஒரு துடைப்பக் குச்சியைத் துப்பாக்கியாகப் பிடித்து நானும் என் மச்சானும் கேரேஜில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். பக்கத்து வீட்டம்மா கேட்டைத் தாண்டிப் போகும்போது நடை வேகமானது. கடைசியில் கேபினின் இரு பின்மூலைகளிலும் நிற்கிற மாதிரி ஒரு மரக்குச்சி செருகினோம், துப்பாக்கி அதைத் தாண்டி முன்னால் திரும்பாது.

கேபினுக்குள் இருந்தே சுடலாமா என்று யாரோ கேட்டார்கள். கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அமெரிக்காவில் மோட்டாரை நிறுத்தி, அந்த வேகத்தில் படகு நகர்வதும் நின்ற பிறகுதான் வாத்தைச் சுடலாம். மரப்பெட்டிக்குள் 12 கேஜ் துப்பாக்கி வெடித்தால் காது என்ன ஆகும்?

மார்ச் 8

கட்டுகிற முறை. நம் பக்கத்தில் இதற்குப் பெரிய பள்ளிக்கூடமே இருக்கிறது. ஒலிம்பியாவில் சாம் டெவ்லின் பல காலமாகப் பிளைவுட்டைத் தைத்து ஒட்டுகிற முறையில் வாத்துப் படகுகளும் கேபின் படகுகளும் வரைந்து கட்டிவருகிறார். பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து, சின்னத் துளை போட்டு, கம்பியால் தைத்து, உள்மூலையில் மரத்தூள் கலந்த எப்பாக்ஸிக் களிம்பை வழித்து, அதன்மேல் கண்ணாடி நார்த் துணிப்பட்டை. காய்ந்ததும் கம்பியை உருவிவிடலாம். சுவரும் சுவரும் சேர்கிற இடத்தில் தடித்த சட்டமே வேண்டாம், அந்தக் களிம்பு வளைவுதான் சட்டம். கேபின் கனம் குறைந்ததில் பாதிப் பங்கு இதற்குப் போகும்.

ஃபர் பிளைவுட் மலிவுதான், ஆனால் வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டால் மேல்தோல் மயிர்வெடிப்பு விடும், பெயிண்ட் அடிக்க அடிக்க அந்த வெடிப்பு மேலே வந்து எட்டிப்பார்க்கும். துணி போர்த்தினால் அடங்கும். ஒக்கூமே வாங்கினால் பிஎஸ் 1088 என்ற படகுப் பிளைவுட் தர முத்திரை பாருங்கள். ஒக்கூமே உளுத்துப்போவதைத் தாங்கும் மரம் இல்லை, அதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள். படகில் உளுத்தலுக்குக் காரணம் கடல் தண்ணீர் அல்ல, மழைத்தண்ணீர். உப்பு ஓரளவு மரத்தைக் காக்கும், மழை காக்காது. வெட்டிய ஓரங்கள் தண்ணீர் குடிக்கிற வாய், அதில் எப்பாக்ஸியைத் தடவி, அது உறிஞ்சிக்கொண்ட பிறகு திரும்பத் தடவி, இனிமேல் குடிக்காது என்கிறவரை கொடுங்கள். போல்ட் துளையைப் பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸியால் அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவில் சரியான அளவில் திரும்பத் துளைக்க வேண்டும். சலிப்பான வேலை. செய்யுங்கள்.

மார்ச் 9

கேரேஜ் குளிராக இருந்தால்? வெஸ்ட் சிஸ்டம் என்ற எப்பாக்ஸி பிராண்டில் 205 என்ற வேகமான ஹார்டனர் (எப்பாக்ஸியைக் கெட்டியாக்கும் கலவை) 4, 5 டிகிரியில்கூடப் பிடிக்கும். ஆனால் காய்ந்ததும் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, தாள் அடைத்துக்கொண்டு பிசுக்கை உள்ளேதான் அமுக்கும். முதலில் தண்ணீரும் பச்சை நார்த் தேய்ப்பானும், அப்புறம் உப்புத்தாள். கையால் தொட்டால் சில சமயம் தெரியாது, தண்ணீர் தெளித்தால் வழுவழுவென்று நழுவும். கேரேஜ் விளக்கைச் சாய்வாக வைத்துப் பார்த்தால் பிசுக்கு இருக்கிற இடம் எண்ணெய்க் காகிதம் மாதிரி மங்கலாக மின்னும்.

அப்புறம், எப்பாக்ஸி வெயிலுக்கு ஆகாது. பெயிண்ட் இல்லாமல் ஒரு கோடை விட்டால் மஞ்சளாகி மாவாக உதிரும்.

ஏப்ரல் 2

ஜன்னல். இதில் சண்டை வரும் என்று தெரியும்.

பாலிகார்பனேட்டா அக்ரிலிக்கா? பாலிகார்பனேட் சுத்தியலால் அடித்தாலும் உடையாது, ஆனால் கீறல் விழுந்துகொண்டே இருக்கும். உப்புப்படிந்த கையுறையால் ஒரு தடவை துடைத்தால் போதும். அக்ரிலிக் கடினம், வெயிலைத் தாங்கும், ஆனால் மூலையில் அழுத்தம் விழுந்தால் விரிசல் ஓடும். பக்கத்துக்கு அக்ரிலிக் போட்டேன். முன்னால் வைப்பர் ஓடுகிற ஒரு சின்னச் சதுரத்துக்கு மட்டும் லேமினேட் கண்ணாடி, கனமானாலும் பரவாயில்லை. பிளாஸ்டிக் மேல் வைப்பர் போட்டால் ஒரே சீசனில் அரைவட்டம் அரைவட்டமாகப் பனிமூட்டம் வரைந்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் தண்ணீர் இரண்டுக்கும் விஷம், வெறும் சோப்புத் தண்ணீர் போதும்.

அக்ரிலிக் சூட்டுக்கு விரியும். 1 மீட்டர் நீளம், 40 டிகிரி வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். ஸ்க்ரூவை இறுக்கிப் பிடித்துத் துளை சரியாகப் போட்டால் கோடையில் அது போக இடமில்லாமல் துளையிலிருந்தே வெடிக்கும். துளையைப் பெரிதாக்கி, ஓரத்தில் நுரைப்பட்டை வைத்து, நடுவில் சீலண்ட். 5200 மாதிரி எந்தக் காலத்திலும் கழற்ற முடியாத பசையை ஜன்னலுக்குப் போடாதீர்கள், ஜன்னல் ஒருநாள் மாற்ற வேண்டிய பொருள்.

முன்கண்ணாடியை மேல்விளிம்பு முன்னால் தள்ளின மாதிரிச் சாய்த்தேன், 12 டிகிரி. மீன்பிடி படகுகளில் பார்த்திருப்பீர்கள். மழை கண்ணாடியில் நிற்காமல் சொட்டி விழுகிறது, உள்ளே இருக்கிற திரையின் வெளிச்சம் முகத்துக்குத் திரும்பாமல் மேலே கூரைக்குப் போகிறது. அழகு இல்லை, என் மனைவி படகைப் பெட்டிக்கடை என்றுதான் சொல்கிறாள். தொங்கவிட வாழைப்பழத்தார் ஒன்றுதான் பாக்கியாம்.

ஏப்ரல் 3

ஆல்பர்ட்டா அண்ணன் சொல்கிறார், கேன்வாஸ் டாட்ஜர், அதாவது துணிக்கூரை, 10 கிலோவில் முடியும், மடக்கலாம், இவ்வளவு தச்சு வேலை எதற்கு. இதை நேற்று இரவு யோசித்துக்கொண்டே இருந்தேன். 14 அடிக்குக் கீழே அவர் சொல்வதுதான் சரி. 16 அடியிலும், வருடத்துக்கு ஏதோ சில நாள்தான் போகிறீர்கள் என்றால் கேன்வாஸ். ஆனால் குளிரில் அதன் தெளிவான வினைல் ஜன்னல் அட்டை மாதிரி விறைத்து, மடித்த இடத்தில் வெடிக்கும், விடியலுக்கு முன் இருட்டில் அதன் வழியே கட்டை மிதப்பதைப் பார்க்க முடியாது. எங்கள் ஆற்றில் வெள்ளத்தோடு மரக்கட்டைகள் வரும். எனக்குக் கண்ணாடி வேண்டும். அவர் ஆல்பர்ட்டாவில் குளத்தில் போகிறார், அவருக்கு வேண்டாம்.

மே 17

கூரை. 4 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை நடுவில் எப்பாக்ஸி தடவி, 5 சென்டிமீட்டர் வளைவு வெட்டிய மூன்று உத்தரத்தின் மேல் வளைத்து அமுக்கினால், காய்ந்த பிறகு அந்த வளைவிலேயே நின்றுவிடும். தட்டையான கூரையைவிட விறைப்பு, தண்ணீரும் தேங்காது. உத்தரத்துக்கு வெஸ்டர்ன் ரெட் சீடார் போட்டேன், கனமே இல்லை, வெட்டும்போது வருகிற வாசனைக்கே இன்னொரு கேபின் கட்டலாம். ஸ்க்ரூ பிடிப்பு குறைவு, அதனால் ஸ்க்ரூ பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஃபர் துண்டு. கூரையின் பின்விளிம்பைச் சுவரைத் தாண்டி ஒரு கை அகலம் நீட்டிவிடுங்கள், ஓட்டுகிறவன் முதுகுக்கு மழை சொட்டாது. மேலே யாரும் ஏறக் கூடாது, நாய் உட்பட.

ஜூன் 21

படகோடு சேர்ப்பது. பிளைவுட் படகு அலையிலும் டிரெய்லரிலும் முறுக்கிக்கொடுக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் விறைப்பான பெட்டியை ஒட்டிவைத்தால் முறுக்கல் முழுக்கப் பெட்டியின் பலவீனமான இடத்துக்குப் போகும், அது எப்போதும் ஜன்னல் மூலை. அதனால்தான் மூலையைச் சதுரமாக வெட்டாமல் 5 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைக்கச் சொல்கிறேன். கேபினை ஒட்டாதீர்கள். விளிம்புக்கு உட்பக்கம் உயர்ந்து நிற்கிற தடுப்புப் பலகையின் மேல் தண்ணீர் உறிஞ்சாத நுரைப்பட்டை (கேஸ்கெட்), அதன் மேல் கேபின், மூலைக்கு ஒன்றாகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட், அடியில் அகலமான வாஷர். முறுக்குகிறபோது கேஸ்கெட் நசுங்கி விட்டுக்கொடுக்கும்.

பிப்ரவரியில் போட்ட கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே 35 நாட் காற்றுக்கு 30 கிலோ என்றேன் அல்லவா? டிரெய்லரில் கட்டி நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் இழுத்தால், முன்சுவர் மட்டும் 65 கிலோ வாங்குகிறது. எதிரே லாரி வந்தால் அடித்த மாதிரி ஒரு குத்து வேறு. கடலில் என்றைக்கும் வராத பாரம் ஐ-5 சாலையில் வாரத்துக்கு ஒரு தடவை வருகிறது. கூரைமேல் குறுக்கே ஒரு பட்டையும், முன்சுவருக்கு அணியத்தை (படகின் முன்முனையை) நோக்கி இரண்டு பட்டையும் போட்டு இறுக்காமல் கேரேஜை விட்டு வண்டியை எடுக்காதீர்கள். பின்பக்கம் திறந்த கேபினை அமரம் (படகின் பின்முனை) முன்னால் வருகிற மாதிரி இழுக்கவே கூடாது, காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கும்.

செப்டம்பர் 14

மறைப்பு. காய்ந்த புல் நிறத்தில் பார்க்கர் பெயிண்ட் அடித்தேன், மினுக்கம் துளியும் இல்லாத தட்டைப் பெயிண்ட். தட்டைப் பெயிண்ட் தண்ணீரை முழுக்கத் தடுக்காது, அடியில் ப்ரைமர் நல்லதாக இருக்க வேண்டும். வாத்துக்கு நிறத்தைவிட உறுத்துவது மினுக்கமும் நேர்கோடும். கேபினில் இரண்டும் இருக்கிறது: ஜன்னல் வானத்தைக் காட்டும், கூரை விளிம்பு அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி தெரியும். நிறுத்திய உடனே ஜன்னல்மேல் சாக்குத்துணி இறக்கிவிடுகிறேன், கூரை விளிம்பில் ஆணியடித்த சணல் கயிற்றில் புல்லைக் கொத்துக் கொத்தாகச் செருகி, நேர்கோட்டை உடைக்கிறேன். கொத்துகள் ஒரே உயரத்தில் இருந்தால் மறுபடியும் நேர்கோடுதான்.

இதெல்லாம் மலார்டு, பின்டெயில் மாதிரிப் புல்லோரம் வருகிற வாத்துக்கு. படில்லா விரிகுடாவில் பிராண்ட் என்ற கடல்வாத்து வேட்டைக்குத் திறந்த தண்ணீரில் போகிற நாளில் கேபினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டே போகிறேன். அங்கே ஒளிய ஒரு புல் கிடையாது, கேபின் ஒரு மைல் தூரத்துக்கு விளம்பரப் பலகை. நாலு போல்ட் சங்கதி இதற்குத்தான்.

நவம்பர் 2

ஒரு எச்சரிக்கை, இதைக் கட்டாயம் படியுங்கள். பின்பக்கம் திறந்த கேபின் ஓடும்போது தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டே போகும், அது அவுட்போர்டு புகையை உள்ளே உறிஞ்சும். எதிர்க்காற்றில் மெதுவாகப் போகும்போது இன்னும் மோசம். தலைவலி வந்தால் தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அது கார்பன் மோனாக்ஸைடு. முன்சுவரில், கண்ணாடிக்குக் கீழே, திறந்து மூடுகிற ஒரு காற்றுத்துளை வையுங்கள். முன்னாலிருந்து கொஞ்சம் காற்று உள்ளே வந்தாலே பின்னாலிருந்து இழுப்பது குறைந்துவிடும். அதே துளை கண்ணாடி பனிமூட்டத்தையும் தீர்க்கிறது. பேட்டரியில் ஓடுகிற ஒரு கார்பன் மோனாக்ஸைடு அலாரம் கூரைக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். புரோபேன் ஹீட்டரை மூடிய கேபினில் வைக்கிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை, அலாரம் சொல்லும்.

நவம்பர் 3

கேபின் இருந்தால் கில் சுவிட்ச் கயிறு (ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் மோட்டாரை நிறுத்துகிற கயிறு) வேண்டாம்தானே என்று கேட்ட தம்பிக்கு: அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் 26 அடிக்குக் குறைந்த மோட்டார் படகில் அந்தக் கயிற்றை மாட்டிக்கொள்வது கட்டாயம். ஸ்டியரிங் மூடிய கேபினுக்குள் இருந்தால் விலக்கு உண்டு. பின்பக்கம் திறந்த கேபினை மூடியது என்று யாரிடமும் வாதாடிப் பார்க்காதீர்கள். மாட்டிக்கொள்ளுங்கள், நான் மாட்டிக்கொள்கிறேன். கனடா விதியை உங்கள் ஊரில் கேளுங்கள்.

நவம்பர் 9

கேள்வி கேட்ட வான்கூவர் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். 6 மில்லிமீட்டர் பலகை, 1 மீட்டர் உயரம், பின்பக்கம் திறப்பு. உயரத்தில் அந்த 5 சென்டிமீட்டர் என் உயரத்தைவிட அதிகம், ஆனால் ஆளும் என்னைவிட உயரம், போகட்டும். ஜன்னல் மூலை இன்னும் சதுரமாக இருக்கிறது, அதை அறுத்து வளையுங்கள், இப்போதே.

வெள்ளை விளக்கை எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறார். சுற்றிலும் தெரிகிற வெள்ளை விளக்கு சிவப்பு, பச்சைப் பக்க விளக்குகளைவிட 1 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும், 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு அதுதான் விதி. பக்க விளக்குகளைக் கேபின் கூரையில் வைத்தால் வெள்ளைக்கு அதற்கும் மேலே ஒரு மீட்டர் கம்பம் வேண்டியிருக்கும். அதனால் பக்க விளக்குகளைக் கீழே, அணியத்தில் வையுங்கள், வெள்ளையைக் கூரையின் பின்விளிம்பில் மடக்குக் கம்பத்தில் வையுங்கள். முன்விளிம்பில் வைத்தால் வெளிச்சம் அணியத்துத் தட்டில் விழுந்து கண்ணுக்குள் திரும்பும், முன்னால் வருகிற கட்டை தெரியாது. கம்பத்து அடியில் கூரைத் துளையை மட்டும் மேலே சொன்ன மாதிரி எப்பாக்ஸி அடைத்துப் போடுங்கள், ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு உள்ளே எடுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.